கீரைப் பாத்தியும் வேண்டும், மணியும் வேண்டும்

கேள்வி: கால்நடை டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தாதி. செந்தூல் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் முனை வீட்டில் இருக்கிறேன். வீட்டின் பக்கவாட்டில் எட்டடி அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு நிலம். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பொழுது போகாமல் ஆரம்பித்த தோட்டம், இன்று கீரை, வெண்டி, பயத்தங்காய், வெள்ளரி, கத்தரி, பச்சை மிளகாய் என்று பாசாருக்குப் போகிற வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டது. வீட்டில் இரண்டு நாய்கள், இரண்டும் ஊர் நாய்கள்தான். ரோசிக்கு ஒன்பது வயது. மணிக்கு ஒன்றரை வயது, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் குட்டியாகக் கிடைத்தவன்.

மணி தினமும் மத்தியானம் கீரைப் பாத்தியைப் பறித்துப் போட்டு அதிலேயே சுருண்டு படுத்துக்கொள்கிறான். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றி, தலையும் குடலும் புதைத்து, பார்த்துப் பார்த்து வளர்க்கிற பாத்தி ஒரே நாளில் பாழாகிறது. ரோசி வெள்ளரிக்காயைக் கொடியிலேயே கடித்து எடுத்துவிடுகிறாள். புல்லைத் தின்று வாந்தியும் எடுக்கிறாள். "ஒன்று தோட்டம், இல்லை நாய். முடியாவிட்டால் மணியைச் சங்கிலியில் கட்டுங்கள்" என்கிறான் மகன். மழை பெய்துவிட்டால் நத்தை வேறு. கடையில் நீல நிறக் குருணை மருந்து கொடுத்தார்கள், பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நாலு வயதுப் பேத்தி வார இறுதியில் வந்தால் மண்ணில்தான் விளையாடுவாள். இன்னொரு சங்கடம், பக்கத்து வீட்டு மலாய் முஸ்லிம் அம்மா, எங்கள் மக்சிக்குக்கு எப்போதும் காய் கொடுப்பேன். நாய்கள் புழங்குகிற தோட்டத்துக் காயைக் கொடுக்கலாமா என்று இப்போது கூச்சமாக இருக்கிறது. காலையில் அவற்றோடு தோட்டத்தில் நிற்கிற ஒரு மணி நேரத்தை விட எனக்கு மனசு இல்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். மகனிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். மணியைச் சங்கிலியில் கட்டவே வேண்டாம். ஒன்றரை வயது நாய் என்றால் இளந்தாரிப் பையன். பகலெல்லாம் கட்டிப் போட்டால் குரைப்பான், கட்டிய இடத்திலேயே மண்ணைப் பறிப்பான், அவிழ்த்துவிட்ட மறுநிமிடம் முன்னைவிட வேகமாகப் பாத்திக்குள் பாய்வான். கீரை நாலு வாரத்தில் மறுபடி முளைத்துவிடும். கட்டிப் போட்டதில் நாய்க்கு வருகிற மனக்கோளாறு அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

அவன் ஏன் மற்ற இடத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கீரைப் பாத்தியைப் பறிக்கிறான் என்பதற்கு நீங்களே கடிதத்தில் பதில் எழுதியிருக்கிறீர்கள். மீன் தலையும் குடலும் அங்கேதானே புதைக்கிறீர்கள்? ஒரு முழ ஆழத்தில் புதைத்தாலும் அந்த வாசனை நாய்க்குத் தெளிவாகத் தெரியும். உங்களுக்கு அது உரம், மணிக்கு அது நீங்கள் ஒளித்து வைத்த சாப்பாடு. தோண்டி எடுக்கும்போது முள் தொண்டையில் குத்தலாம், அழுகிய குடலைத் தின்று வயிற்றுப்போக்கு வரலாம். எலிகளும் அதே வாசனைக்குத்தான் வருகின்றன. ஆகவே மீன் கழிவை இன்றோடு பாத்தியில் நிறுத்திவிடுங்கள். மீன் கழுவிய தண்ணீரும் வேண்டாம். மீன் உரம் வேண்டுமென்றே நினைத்தால், இறுக்கமான மூடி போட்ட வாளியில் நன்றாக மக்க வைத்து, வாடை அடங்கிய பிறகு, நாய் எட்டாத உயரத்தில் இருக்கும் தொட்டிகளுக்கு மட்டும் போடுங்கள். கீரைக்கு மக்கிய இலைக் குப்பையும் அரிசி கழுவிய தண்ணீரும் போதும்.

மீன் போனாலும் மணி கொஞ்ச நாள் வரத்தான் செய்வான், ஏனென்றால் இன்னொரு காரணம் வெயில். கோலாலம்பூர் மத்தியானம் 32, 33 பாகைக்குப் போகிறது. சிமெண்டுத் தரை அதைவிடச் சூடு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைக் குளிர்ந்த இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். அவன் எழுந்து போன பிறகு அந்தக் குழியைக் குனிந்து பாருங்கள். மேலே காய்ந்த மண்ணை மட்டும் இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, கீழே ஈரம் தெரிகிற இடத்தோடு நிறுத்தியிருப்பான். குழி அவன் சுருண்டு படுக்கும் அளவுக்கு வட்டமாக இருக்கும். இரண்டு பக்கமும் கீரை பெயர்ந்து கிடக்கும், ஆனால் கீரையை அவன் தின்றிருக்க மாட்டான். தின்ன வந்தவன் இல்லை. உங்கள் வீட்டிலேயே அந்நேரத்துக்கு மிகக் குளுமையான இடத்தைக் கண்டுபிடித்துப் படுத்திருக்கிறான்.

அப்படியானால் அதைவிடக் குளுமையான ஒரு இடத்தை அவனுக்கு நீங்களே செய்து கொடுங்கள். கறிவேப்பிலை மரமோ முருங்கையோ இருந்தால் அதன் நிழலில், மூன்றடிக்கு மூன்றடி, ஒரு முழ ஆழம் தோண்டி, ஆற்று மணலும் தோட்ட மண்ணும் கலந்து நிரப்புங்கள். சுற்றிலும் செங்கல்லோ மரச்சட்டமோ வைத்து எல்லை தெரியும்படி செய்துவிடுங்கள். தினமும் பதினொரு மணி வாக்கில் ஒரு வாளித் தண்ணீர் தெளியுங்கள். முதல் வாரம் ஒரு கேரட் துண்டையோ வேகவைத்த சக்கரைவள்ளிக் கிழங்கையோ மேலாகப் புதைத்து, அவனை அழைத்துக் காட்டி, பறித்தால் வாய்விட்டுப் பாராட்டுங்கள். பாத்தியில் பறித்தால் அடிக்க வேண்டாம், கத்தவும் வேண்டாம். கூப்பிட்டு மணல் குழிக்கு அழைத்துப் போங்கள். அதே நேரத்தில் கீரைப் பாத்தியின் மேல் கோழிக் கூண்டுக் கம்பிவலையைத் தட்டையாக விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் அழுத்திவிடுங்கள். கீரை கண்ணி வழியாக மேலே வரும். பாதத்துக்கு வலை தட்டுப்படுவது நாய்களுக்குப் பிடிக்காது. பழக்கம் மாறிய பிறகு வலையை எடுத்துவிடலாம்.

எட்டடி அகலம் என்று எழுதியது எனக்கு நல்ல செய்தி. வேலியை ஒட்டி இரண்டடியை நாய்களுக்கே விட்டுவிடுங்கள். எந்த நாயும் வேலியோரமாக ரோந்து போகும், வாசலில் யார், பின் சந்தில் என்ன சத்தம் என்று பார்க்கும். அந்தத் தடத்தில் நீங்கள் எதை நட்டாலும் மிதிபடும், நட்டது உங்கள் குற்றமாகிவிடும். ஒரு காலை நின்று பார்த்தால் புல் தேய்ந்து அவர்கள் போட்ட தடம் ஏற்கெனவே தெரியும். நடுவில் மூன்றடி அகலத்துக்கு முழங்கால் உயரப் பாத்தி, பலகையோ சிமெண்டுக் கல்லோ வைத்துக் கட்டியது. மிச்ச மூன்றடி உங்கள் நடைபாதை. மூன்றடிப் பாத்தி என்றால் இரண்டு பக்கமும் நின்று கை எட்டும், உங்கள் முதுகுக்கும் நல்லது. முழங்கால் உயரத்தை மணி தாண்ட முடியும்தான். ஆனால் தரையோடு தரையாக இருக்கும்போது அது அவனுக்கு வழி, உயர்ந்துவிட்டால் அது ஒரு பொருள், சுற்றிப் போவான். நாற்று விட்டிருக்கும் வாரங்களில் மட்டும் பிஆர்சி கம்பிவலைத் துண்டு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். செலவு வேண்டாம் என்றால் மீன் கடை, பழக்கடைகளில் தூக்கிப் போடும் போலிஸ்டைரின் பெட்டிகளை நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, செங்கல் மேல் ஏற்றி வைத்தாலும் கீரைக்குப் போதும். மணி அதைக் கடித்து விழுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி காலைத் தூக்குகிற வயது. நாயின் சிறுநீரில் யூரியா அதிகம், இலை நுனி கருகும். அதோடு கீரையில் பட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? காலையில் தோட்டத்துக்குள் விடுவதற்கு முன் தெருவில் ஒரு நடை அழைத்துப் போய்வாருங்கள். தோட்டத்து முனையில் ஒரு மரக்கட்டையை நட்டு வைத்தால் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுத்துக்கொள்வான். இன்னும் கருத்தடை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள், அங்கங்கே அடையாளம் வைக்கும் பழக்கம் நன்றாகக் குறையும். கீரையைச் சமைக்காமல் ஊலாமாகப் பச்சையாகச் சாப்பிடுவீர்களானால் வல்லாரை, ஊலாம் ராஜாக் கீரை இரண்டையும் இடுப்பு உயரத்துக்கு மேலே உள்ள தட்டுகளில் மட்டும் வளருங்கள்.

இவ்வளவும் செய்தபின் உங்களுக்குக் கிடைக்கப் போவது அந்தக் காலை ஒரு மணி நேரம். அதைப் பற்றியும் ஒரு மருத்துவராகச் சொல்ல எனக்கு இருக்கிறது. வீட்டு நாய்களுக்கு வருகிற பாதி நோய் சலிப்பில் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். காலை ஏழு மணிக்கு, பனி ஈரம் காயாத மண்ணில், ரோசி ஏன் ஒரே வெண்டிச் செடியின் அடியில் அவ்வளவு நேரம் மூக்கை வைத்து நிற்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? ராத்திரி கூரையிலிருந்து மூசாங் என்கிற மரநாய் இறங்கியிருக்கும், பக்கத்து வீட்டுப் பூனை வந்து போயிருக்கும், தேரை ஒன்று தாண்டியிருக்கும். அது எல்லாவற்றையும் அவள் மூக்கில் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளை அவசரப்படுத்தாதீர்கள். மூட்டு வலியால் நீண்ட நடை போக முடியாத வயதான நாய்க்கு, பத்து நிமிடம் மனம்போல் மோப்பம் பிடிப்பது நல்ல வேலை, நன்றாகத் தூங்கும். தெருவில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் நடையில் அது கிடைப்பதில்லை. மணிக்குத் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. செடிக்குப் பாய்ச்சும்போது ஒரு நிமிடம் அவன் பக்கம் திருப்பி விளையாடுங்கள். பிறகு அவன் நனைந்து உதறி, குழியில் போய்ப் படுப்பான், நீங்கள் நிம்மதியாகக் காய் பறிக்கலாம். அந்த நேரத்தில் பேரப்பிள்ளையும் கூட இருந்தால், நாயைத் தொடும் முறை, நாய் சாப்பிடும்போது தள்ளி நிற்கும் முறை இரண்டையும் அங்கேயே பழகிக்கொள்வாள்.

ரோசியின் வெள்ளரிக்காய்க்கு வருவோம். தாராளமாகத் தின்னட்டும். முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, முன் பல்லால் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, பிறகு கடைவாய்க்குத் தள்ளி நொறுக்குவாளே, அந்தச் சத்தத்துக்காகவே ஒரு கொடியை அவளுக்கு விட்டுவிடலாம். உங்கள் கொடிகளைப் பந்தலில் நாலடிக்கு மேல் ஏற்றிவிட்டு, ஒரே ஒரு கொடியை மட்டும் தாழ விடுங்கள். அதன் காய் அவளுடையது. தண்ணீர்ச் சத்து நிறைந்தது, கொழுப்பில்லை, உடம்பு பெருத்த நாய்க்கும் ஆகும். வெண்டி, பயத்தங்காய், பூசணி, கேரட் எல்லாம் உப்பு, மிளகாய், எண்ணெய் இல்லாமல் வேகவைத்துக் கொடுக்கலாம். பழுத்த பப்பாளியில் விதையை எடுத்துவிட்டுச் சதையைக் கொடுக்கலாம். இப்படிக் கொடுப்பதெல்லாம் சேர்ந்து அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கீரை வகையில் ஆக்சலேட் இருப்பதால் ரோசியின் வயதுக்கு ஓரிரு இலையோடு போதும். தக்காளி பழுத்தால் பரவாயில்லை, பச்சைக் காயும் இலையும் தண்டும் கூடாது. மக்காச்சோளத்தின் நடுத்தண்டும் மாங்கொட்டையும் குடலை அடைத்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகக் கடிக்க விடாதீர்கள், அதில் சயனைடு தரும் பொருள் உண்டு. சேம்பு இலை வாயையும் நாக்கையும் எரிய வைக்கும்.

நம் வீட்டுச் சமையலில் உள்ள இரண்டு பொருளைத் தனியாகச் சொல்கிறேன். முதலில் வெங்காயமும் பூண்டும், குச்சாய் என்கிற சீனப் பூண்டுத்தாளும் அந்தக் குடும்பம்தான். இவை நாயின் சிவப்பு அணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துச் சோர்வு, வெளிறிய ஈறு, கறுத்த சிறுநீர் என்று வெளிப்படும். அடுத்தது புளி. திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குக் காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலம் என்று அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் கருதத் தொடங்கியிருக்கிறார்கள். புளியிலும் அதே அமிலம்தான் நிறைய, புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே மிச்சமான சாம்பார்ச் சோறும் குழம்புச் சோறும் நாய்க்குப் போகக் கூடாது. இரண்டு தலைமுறையாக அப்படித்தான் போட்டு வளர்த்தோம் என்று சொல்வார்கள். அந்த நாய்கள் எந்த வயதில், எதனால் செத்தன என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

இனி அந்த நீலக் குருணை. அம்மா, இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், பிரிக்காமல் அப்படியே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். நத்தை மருந்துக் குருணையில் பெரும்பாலும் இருப்பது மெட்டல்டிஹைடு. நத்தை தேடி வரட்டும் என்று தானிய மாவோடு பிசைந்து செய்கிறார்கள், நாய்க்கும் அது தின்பண்டமாகத்தான் தெரியும். தின்ற அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், காய்ச்சல் ஏறும், வலிப்பு வரும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. வலிப்பையும் சூட்டையும் அடக்கி, உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் எங்களால் முடியும். தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் நாய் செத்துப் போகிற கதைகளில் காய்கறி குற்றவாளியாவது அபூர்வம், அலமாரியில் இருக்கும் பொட்டலம்தான் பெரும்பாலும் காரணம். எப்போதாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர், இளநீர், முட்டை என்று எதையும் புகட்டிக்கொண்டு நிற்காதீர்கள். பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நத்தைக்கு வேறு வழி இருக்கிறது. சாயங்காலம் பழைய கோணிச் சாக்கை நனைத்துப் பாத்தி ஓரத்தில் விரித்து வையுங்கள். விடிந்ததும் திருப்பினால் நத்தைகள் அடியில் கூடியிருக்கும். கையுறை போட்டு எடுத்துக் கொதிநீரில் போட்டுவிடுங்கள். செடிக்குச் சாயங்காலத்தில் ஊற்றுவதை விட்டுக் காலையில் ஊற்றினால், இரவில் மண் அவ்வளவு ஈரமாக இராது, நத்தை நடமாட்டமே குறையும். கையுறையை மறக்காதீர்கள். நம் நாட்டில் காணும் ஆப்பிரிக்கப் பெருநத்தையில் எலி நுரையீரல் புழுவின் குஞ்சுகள் இருக்கலாம், நத்தையைத் தின்ற நாய்க்கும் சரியாகக் கழுவாத கீரையைத் தின்ற மனிதருக்கும் அவை மூளை, முதுகுத்தண்டு வரை போய்ப் பாதிக்கலாம். மணி நத்தையை உருட்டி விளையாடினால் உடனே பிடுங்கிவிடுங்கள். கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள்.

அலமாரியைத் திறந்துவிட்டதால் மற்றதையும் பார்த்துவிடுங்கள். உர மூட்டையில் ஆமணக்குப் புண்ணாக்கு கலந்திருக்கிறதா என்று படியுங்கள், அது கடும் விஷம், நாய்க்கோ அதன் வாசனை பிடிக்கும். எலும்புத் தூளும் அப்படியே, விஷமில்லை என்றாலும் மொத்தமாக விழுங்கினால் வயிற்றில் கட்டியாகி நிற்கும். கோப்பிக் கடையிலிருந்து சக்கை வாங்கி வந்து செடிக்குப் போடுவது நம்மிடையே பரவிவிட்டது, அதில் மிச்சமிருக்கும் காஃபீன் நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கும். குப்பை உரத் தொட்டிக்கு மூடி வேண்டும், பூஞ்சை பிடித்த சாப்பாட்டைத் தின்றாலும் நடுக்கம் வரும். எலிப் பாஷாணம் வேண்டவே வேண்டாம். பழைய களைக்கொல்லிப் போத்தல் ஏதாவது மூலையில் கிடந்தால் அதையும் தேடுங்கள். ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் நம் பெண்கள் முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆனால் எத்தனையோ வீட்டுப் பின்கட்டில் மிச்சம் இன்னும் இருக்கிறது. சுவாமிக்குப் பூப்பறிக்க அரளி வைத்திருப்பீர்கள். அதன் இலை, பூ, பட்டை, எல்லாமே இதயத்தை நிறுத்தக்கூடிய விஷம். சீனப் பெருநாளுக்கு வாங்குகிற ஃபூ குவாய் (பாலைவன ரோஜா) செடியும் அதே வகை. மணி கடிக்கிற வயதைத் தாண்டும்வரை இரண்டையும் வேலிக்கு வெளியே வையுங்கள். செம்பருத்தியும் மல்லிகையும் பூசைக்குப் போதாதா?

பேத்திக்காகச் செய்ய வேண்டியது எளிது, ஆனால் தினமும் செய்ய வேண்டும். நாய் மலத்தை அன்றன்றே அள்ளிக் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் விழுந்து தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரம் போல் ஆகும், அதனால் அன்றே அள்ளினால் தொற்றுச் சங்கிலி அறுந்துவிடும். விட்டால் அதே முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழு இன்னும் வேகம், நம் ஈர மண்ணில் சில நாளிலேயே குஞ்சாகி வெறுங்கால் தோல் வழியாக ஏறிவிடும். ஆகவே குழந்தைக்குச் செருப்பு, விளையாடி முடித்ததும் சோப்பு. நாய்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மாத்திரை. மணல் குழி மணியுடையது, பேத்திக்கு வேறு ஒரு தட்டு மண் கொடுங்கள்.

எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். 2010 முதல் மனிதருக்கு வந்தால் சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அது இருக்கிறது. தாதியாக இருந்த உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டு நாய்க்கும் ஆண்டுதோறும் அந்தத் தடுப்பூசி போடுங்கள். நாய்ச் சாப்பாட்டுத் தட்டை இரவில் வெளியே வைக்காதீர்கள். தொட்டித் தட்டுகளில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுங்கள், ஏடிஸ் கொசுவுக்காகச் செய்கிற அதே வேலை நாயின் இதயப்புழுவைப் பரப்பும் கொசுக்களையும் குறைக்கும். மழை நாளில் மணி தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால் தலையைக் கீழே சாய்த்து, பக்கவாட்டிலிருந்து குழாய்த் தண்ணீரால் வாயைக் கழுவுங்கள், தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. பாம்பைக் கண்டு இருவரும் ஒரே இடத்தைப் பார்த்துக் குரைத்தால் நீங்கள் குச்சியோடு போகாதீர்கள். நாய்களை உள்ளே பூட்டிவிட்டு 999க்கு அழையுங்கள், தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடிப்பார்கள்.

மக்சிக் விஷயத்தில் உங்கள் கூச்சம் நல்ல மனசிலிருந்து வருகிறது. அதை மறைத்து வைத்துக் கொடுப்பதும் சரியில்லை, சொல்லாமல் நிறுத்துவதும் சரியில்லை. அவர்களுக்கு நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் மண் கலந்த தண்ணீர் உட்பட ஏழு முறை கழுவ வேண்டும் என்பது மார்க்க விதி. எந்தக் காய் தங்களுக்கு ஆகும், எது ஆகாது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர், நீங்களும் இல்லை, நானும் இல்லை. வாசல் பக்கம், நாய்கள் வராத கார் நிறுத்துமிடத்தில், இரும்புத் தட்டில் சில தொட்டிகளைத் தனியாக வையுங்கள். அதற்கென்று தனி மண், தனிப் பூவாளி. பிறகு நேராகப் போய், "மக்சிக், பக்கத்துத் தோட்டத்தில் இப்போது நாய்கள் நடமாடுகின்றன, இந்த மிளகாயும் வெண்டியும் நாய் வராத இடத்தில் வளர்த்தது, வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் மனம் கோணாமல் திரும்புங்கள். அடுத்த முறை அந்தத் தட்டிலிருந்தே நாற்றாகவும் விதையாகவும் கொடுங்கள், அவர் வீட்டில் வளரட்டும். பழைய பழக்கம் அறுந்து போகாமல் இருக்க அது நல்ல வழி.

கடைசியாக ரோசி புல் தின்பது. நாய்கள் புல் தின்பது இயல்புதான். பெரும்பாலான நாய்கள் தின்றுவிட்டுச் சும்மா போய்விடும், சில வாந்தி எடுக்கும். சாலையோரப் புல்லில் மருந்து அடித்திருக்கலாம், அதனால் வெளியே மேய விடாதீர்கள். முளைப்பாரிக்கு விதைப்பது போல ஒரு தட்டில் கோதுமையைத் தூவி அவளுக்கென்று வளர்த்துக் கொடுங்கள். ஆனால் ஒன்பது வயதில் அடிக்கடி வாந்தி என்றால் புல்லின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு விட முடியாது. எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கிறாள், புல் தின்னாத நாளிலும் எடுக்கிறாளா, முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறாளா, எடை குறைந்திருக்கிறதா என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். தினமும் எடுக்கிறாள், அல்லது சாப்பாட்டை ஒதுக்குகிறாள் என்றால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். குறித்த தாளோடு உங்கள் மருத்துவரிடம் போய்ச் சிறுநீரகம், ஈரல் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். போகிற அன்று காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான போத்தலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம்.